கல்லால் பதில் சொன்ன திருத்தந்தையர்: மறுமலர்ச்சிக் கால உரோமையும் புனித பேதுரு பெருங்கோவிலும்

மறுமலர்ச்சிக் காலத் திருத்தந்தையர் என்று வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுவது 1420 முதல் 1527 வரையிலான காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையை ஆண்டவர்களை. ஐந்தாம் மார்ட்டின் பாழடைந்து கிடந்த உரோமை நகருக்குத் திரும்பிவந்தது 1420 இல். பேரரசர் ஐந்தாம் சார்லசின் படையினர், சம்பளம் கிடைக்காத ஆத்திரத்தில், அதே நகரைச் சூறையாடியது 1527 இல். இடைப்பட்ட நூறாண்டுகளைப் பற்றி மாணவர்கள் படிக்கும் பாடங்களில் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். முதலாவதில் வத்திக்கான் நூலகம், சிஸ்டைன் சிற்றாலயம், ரஃபாயேலின் சுவரோவியங்கள், புனித பேதுரு பெருங்கோவில் ஆகியவை. இரண்டாவதில் பதவி விற்பனை, மருமகன்களைக் கர்தினால்களாக்கியது, போர்கள், பாவமன்னிப்புச் சீட்டு. முதல் பட்டியலுக்காகப் பாராட்டி, இரண்டாவதற்காகக் கண்டித்து, கணக்கை நேர் செய்துவிடுவார்கள்.

இப்படிக் கணக்கெழுதுவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டு பட்டியல்களும் ஒரே முடிவிலிருந்து வந்தவை. குலைந்துபோன தங்கள் அதிகாரத்தைச் சீர்திருத்தத்தால் மீட்பதா, கட்டடத்தால் மீட்பதா என்ற கேள்வி அந்தத் திருத்தந்தையர் முன் இருந்தது. அவர்கள் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பொதுச்சங்கம் என்ற அச்சம்

1309 முதல் 1377 வரை திருத்தந்தையர் பிரான்சின் எல்லையை ஒட்டிய அவிஞ்ஞோன் நகரில் இருந்தனர். 1378 இல் ஒரே நேரத்தில் இரண்டு திருத்தந்தையர் தோன்றினர். 1409 இல் அது மூன்றானது. இந்தப் பிளவை முடிவுக்குக் கொண்டுவந்தது கொன்ஸ்டான்ஸ் நகரில் 1414 முதல் 1418 வரை கூடிய பொதுச்சங்கம். அது சும்மா முடித்து வைக்கவில்லை. பொதுச்சங்கத்தின் அதிகாரம் நேரடியாகக் கிறிஸ்துவிடமிருந்து வருவது, திருத்தந்தையும் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று 1415 இல் அறிவித்தது. அடுத்த சங்கம் 5 ஆண்டிலும், அதற்கடுத்தது 7 ஆண்டிலும், பின்னர் 10 ஆண்டுக்கு ஒருமுறையும் கூடவேண்டும் என்று 1417 இல் விதித்தது. தலைமை முதல் உறுப்புகள் வரை திருச்சபையைத் திருத்துவது என்ற பேச்சு அப்போதே பரவலாக இருந்தது.

திருத்தந்தையரின் அச்சம் வீணானதும் அல்ல. 1431 இல் பாசல் நகரில் கூடிய சங்கம் நான்காம் யூஜினோடு மோதி, 1439 இல் அவருக்கு எதிராக வேறொருவரைத் திருத்தந்தையாகவே தேர்ந்தெடுத்தது. யூஜினோ உரோமை மக்களின் கிளர்ச்சிக்கு அஞ்சி 1434 இல் நகரைவிட்டுத் தப்பி, 9 ஆண்டுகள் கழித்தே திரும்பினார். பாசல் சங்கத்தில் ஊக்கத்தோடு பணியாற்றிய ஓர் இளம் எழுத்தாளர் எனேயா சில்வியோ பிக்கொலோமினி. பின்னாளில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் திருத்தந்தையான அவரே, திருத்தந்தையின் தீர்ப்பை எதிர்த்துப் பொதுச்சங்கத்திடம் முறையிடுவதை 1460 இல் தடை செய்தார். ஆசனம் மாறினால் கருத்தும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்த நூற்றாண்டில் கிடைப்பது அரிது.

ஐந்தாம் நிக்கோலாசின் கோட்பாடு

கட்டடத்தை ஆட்சிக்கொள்கையாகவே வகுத்துச் சொன்னவர் ஐந்தாம் நிக்கோலாஸ் (1447–1455). எளிய குடும்பத்தில் பிறந்து, கல்வியால் உயர்ந்தவர். ஏறத்தாழ 1200 கையெழுத்துப் படிகளைத் திரட்டி வத்திக்கான் நூலகத்துக்கு அடித்தளமிட்டவர். அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜன்னோட்சோ மனெத்தி, அவர் மரணப்படுக்கையில் கர்தினால்களிடம் பேசியதாக ஓர் உரையைத் தருகிறார். அதன் சாரம் இது: திருச்சபையின் அதிகாரம் எதிலிருந்து வந்தது என்பதைக் கற்றவர்கள் நூல்களிலிருந்து அறிவார்கள், கல்லாத மக்களின் நம்பிக்கையோ கேள்வியை மட்டும் ஆதாரமாகக் கொண்டது, காலப்போக்கில் தேய்ந்துவிடும், கடவுளே கட்டியதுபோன்ற, அழியாத பெருங்கட்டடங்களை நாள்தோறும் கண்ணால் கண்டால் அது உறுதிப்படும்.

உரையின் சொற்கள் மனெத்தியுடையவையாகவே இருக்கட்டும். கொள்கை நிக்கோலாசுடையது என்பதற்கு அவர் செய்த பணிகளே சாட்சி. இந்தக் கோட்பாட்டில் மக்கள் பார்வையாளர்களாக மட்டுமே வருகிறார்கள். அவர்களுக்குக் கற்பிப்பது, நல்ல குருக்களை அனுப்புவது, அவர்கள் குறைகளைக் கேட்பது எதுவும் பேச்சில் இல்லை. வியப்பு என்ற ஒன்றே போதும் என்று அது கருதுகிறது. அந்த வியப்புக்கான கல்லும் எங்கிருந்தோ வரவேண்டுமல்லவா? பழைய உரோமையரின் கொலோசியத்திலிருந்து ஆயிரக்கணக்கான வண்டிக் கல் பெயர்த்தெடுக்கப்பட்டது.

1450 யூபிலி ஆண்டில் உரோமைக்கு வந்த திருப்பயணிகள் கூட்டத்தில், சந்த் ஆஞ்செலோ பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். வியந்து பார்க்க வருகிறவர்களுக்கு வழியும் வேண்டும் என்ற பாடத்தை இந்நிகழ்வு நகர நிர்வாகத்துக்குக் கற்பித்தது.

தமிழ் வாசகர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். இதே நிக்கோலாஸ் 1455 இல் வெளியிட்ட ஆணைமடல் ஒன்று, ஆப்பிரிக்கக் கரையோரத்தில் கைப்பற்றும் நிலங்கள்மீதும், அங்கே பிடிபடுவோரை அடிமைகொள்வதன்மீதும் போர்ச்சுக்கல் அரசருக்கு உரிமை அளித்தது. அத்தகைய மடல்களிலிருந்து வளர்ந்ததே கீழை நாடுகளில் திருச்சபையைப் போர்ச்சுக்கல் அரசர் பேணும் 'பதுரவாதோ' முறை. 1606 இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் அம்முறையின்கீழ்தான் நிறுவப்பட்டது. நூலகம் அமைத்த கைதான் அந்த மடலிலும் முத்திரையிட்டது.

நான்காம் சிக்ஸ்துஸ்

கட்டியவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. நான்காம் சிக்ஸ்துஸ் (1471–1484) பற்றிய மதிப்பீடு கடினமானது. 1475 யூபிலிக்கு முன் டைபர் ஆற்றின்மேல் அவர் கட்டத் தொடங்கிய பாலம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நோயாளிகளுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குமான தூய ஆவி மருத்துவமனையைப் புதிதாகக் கட்டினார். தெருக்களை அகலப்படுத்தினார். பழைய வெண்கலச் சிலைகள் சிலவற்றை 1471 இல் உரோமை மக்களுக்கே அளித்தார்; கபித்தோலியக் குன்றின் அருங்காட்சியகம் அதிலிருந்து தொடங்குகிறது. சிஸ்டைன் சிற்றாலயம் என்ற பெயரே இவரிடமிருந்து வந்தது. இவற்றில் பலவும் மக்கள் பயன்படுத்திய கட்டடங்கள். பார்த்து வியப்பதோடு நின்றவை அல்ல.

ஆனால் இதே சிக்ஸ்துஸ் தம் உறவினர் அறுவரைக் கர்தினால்களாக்கினார். 1478 இல் புளோரன்ஸ் நகரப் பேராலயத்தில் மெதிச்சி சகோதரர்களைக் கொல்ல நடந்த சதியில் அவரது உறவினர் நேரடியாகச் சம்பந்தப்பட்டிருந்தார். 1476 இல் வெளியிட்ட மடல் ஒன்றில், பாவத் தண்டனையிலிருந்து பெறும் விடுவிப்பை, உத்தரிக்கும் நிலையிலுள்ள இறந்தோரின் ஆன்மாக்களுக்காகவும் பெறலாம் என்று அறிவித்தார். அப்போது அது பிரான்சிலுள்ள ஒரு பேராலயத்தின் பழுதுபார்ப்புக்கு நிதி சேர்க்கும் ஏற்பாடு; அவ்வளவே. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கீழே காண்போம்.

இடித்தது யார்?

இரண்டாம் ஜூலியுஸ் (1503–1513) சிக்ஸ்துசின் அண்ணன் தம்பி வழி மகன். படையுடன் தாமே போருக்குச் சென்றவர். 1506 ஏப்ரல் 18 அன்று புதிய பேதுரு பெருங்கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் தொனாத்தோ பிரமாந்தே.

இந்த அடிக்கல்லைப் பற்றி எழுதும் பலர், அங்கே அதற்குமுன் என்ன இருந்தது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இருந்தது பேரரசர் கொன்ஸ்தந்தீன் நான்காம் நூற்றாண்டில் கட்டிய பெருங்கோவில். ஐந்து நீள்கூடங்கள், வரிசைக்கு 22 ஆக நான்கு வரிசைத் தூண்கள். பேதுருவின் கல்லறைமேல் எழுந்த அக்கோவிலில்தான் 800 ஆம் ஆண்டில் சார்லமேன் முடிசூட்டப்பட்டார். பல திருத்தந்தையரின் கல்லறைகள் உள்ளே இருந்தன. ஏறத்தாழ 1200 ஆண்டுகள் மேற்கத்திய கிறிஸ்தவம் முழுவதும் நினைவில் வைத்திருந்த கட்டடம் அது. அதை இடிக்கத் துணிந்தவர் ஓர் எதிரி அல்லர். பேதுருவின் வழித்தோன்றலாகத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்.

பழைய கோவில் பழுதடைந்திருந்தது உண்மை. லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி தம் கட்டடக்கலை நூலில், அதன் நீண்ட சுவர் காற்றின் விசையால் 6 அடிக்கு மேல் சாய்ந்துவிட்டதைச் சொல்லி, விழக்கூடும் என்று எச்சரிக்கிறார். இடிப்பை நியாயப்படுத்துவோர் இந்தப் பகுதியைத்தான் காட்டுவார்கள். அதே நூலின் பிற்பகுதியில் அல்பெர்த்தி வேறொன்றும் எழுதியிருக்கிறார்: தூணுக்கு மேலுள்ள சாய்ந்த சுவர்த்துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, நேராகத் திரும்பக் கட்டி, கூரையைத் தாங்குபொருள்கள் கொண்டு காக்கும் முறை ஒன்றைத் தாம் வகுத்து வைத்திருந்ததாக. அதாவது பழுதுபார்க்க வழி தெரிந்த ஒருவர், அந்த வழியை எழுத்திலும் வைத்துவிட்டுப் போயிருந்தார். இடித்தது கட்டாயத்தால் அல்ல, விருப்பத்தால்.

விருப்பத்தின் ஒரு காரணம் ஜூலியுசின் சொந்தக் கல்லறை. 1505 இல் மைக்கலாஞ்சலோவிடம் அவர் ஒப்படைத்த அக்கல்லறைத் திட்டம் மிகப் பெரியது. அதற்கு இடம் தேடியதிலிருந்தே புதிய கோவில் எண்ணம் பிறந்தது என்று மைக்கலாஞ்சலோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கொண்டிவி கூறுகிறார். கடைசியில் அந்தக் கல்லறை 1545 இல், பெரிதும் சுருக்கப்பட்டு, வின்கோலி புனித பேதுரு கோவிலில் அமைந்தது. புகழ்பெற்ற மோசே சிலை அதில் இருக்கிறது. ஜூலியுசின் உடல் அதில் இல்லை.

பிரமாந்தேயின் ஆர்வம் இன்னும் எல்லை கடந்தது. வித்தெர்போ நகர எஜிடியோ என்ற அகுஸ்தீன் சபைத் தலைவர் எழுதிவைத்துள்ள செய்தி இது: யூலியுஸ் சீசரின் சாம்பல் இருப்பதாக மக்கள் நம்பிய எகிப்தியக் கற்றூண் கோவிலின் முன்முற்றத்தில் கம்பீரமாக அமையவேண்டும் என்பதற்காக, வாயிலைத் தெற்கே திருப்பி, பேதுருவின் கல்லறையையே இடம் மாற்றலாம் என்று பிரமாந்தே யோசனை சொன்னார். ஜூலியுஸ் உறுதியாக மறுத்துவிட்டார். புனிதமானது முதலில், கட்டடத்தின் அழகு அதற்குப் பின் என்பதே அவர் மறுப்பின் பொருள். இந்த ஒரு நிகழ்வுக்காகவாவது ஜூலியுசை வெறும் ஆடம்பரக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே அளவுகோலைக் கல்லறையைச் சுற்றியிருந்த கோவிலுக்கு அவர் ஏன் பயன்படுத்தவில்லை என்ற கேள்வியும் அங்கேயே எழுகிறது.

பிரமாந்தே பழைய தூண்களைப் பத்திரமாக இறக்கவும் பொறுமையில்லாமல் உடைத்துத் தள்ளினார் என்பது மைக்கலாஞ்சலோவின் குறை. உரோமையர் அவருக்கு 'இடிப்பாளர்' என்று பட்டப்பெயர் வைத்தனர். 1517 இல் அந்திரேயா குவார்னா வெளியிட்ட ஒரு நையாண்டி நூலில், இறந்துபோன பிரமாந்தே விண்ணக வாயிலுக்கு வந்து சேர்கிறார். என் கோவிலை இடித்தவன் நீதானா என்று பேதுரு கேட்கிறார். பிரமாந்தே சளைக்கவில்லை: விண்ணகத்துக்கு ஏறும் பாதை செங்குத்தாக இருக்கிறது, குதிரையில் ஏறிவரும்படி சுழல்பாதை அமைத்துத் தருகிறேன், இந்த விண்ணகத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார். உன் கோவில் கட்டிமுடியும்வரை வெளியே நில் என்று பேதுரு சொல்லிவிடுகிறார். சிரிப்பு ஒருபுறம் இருக்க, அக்கால மக்கள் இந்த இடிப்பை இழப்பாக உணர்ந்தார்கள் என்பதற்கு இது சான்று.

செலவைக் கொடுத்தது யார்?

1512 இல் ஜூலியுஸ் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தைக் கூட்டினார். பீசாவில் எதிரிகள் கூட்டிய போட்டிச் சங்கத்தை முறியடிப்பதே உடனடி நோக்கம். தொடக்க உரையாற்றியவர் மேலே சொன்ன எஜிடியோ. புனிதமானவை மனிதரை மாற்றவேண்டும், மனிதர் புனிதமானவற்றை மாற்றலாகாது என்பது அவ்வுரையின் மையக் கருத்து. சங்கம் ஐந்தாண்டுகள் நடந்தது. சீர்திருத்த ஆணைகள் சில வந்தன, நடைமுறையில் ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. 1517 மார்ச்சில் அது கலைந்தது. அடுத்த ஜூலையில் பத்தாம் லியோ ஒரே நாளில் 31 கர்தினால்களை நியமித்தார்.

புதிய கோவிலுக்குப் பொருள் கொடுப்போர்க்குத் தண்டனை விடுவிப்பு வழங்கும் ஏற்பாட்டை ஜூலியுசே தொடங்கியிருந்தார். லியோ 1515 இல் அதை ஜெர்மன் பகுதிகளுக்கு விரிவாக்கினார். அங்கே நடந்த ஏற்பாடு இப்படி: ஆல்பிரெக்ட் என்ற இளவரசர், வயது 25 நிரம்பும் முன்பே மாக்டபுர்க், மைன்ஸ் என இரண்டு உயர் மறைமாவட்டங்களுக்குப் பேராயரானார். இது திருச்சபைச் சட்டத்துக்குப் புறம்பானது. விலக்கு பெற உரோமைக்குப் பெருந்தொகை கட்டவேண்டும். ஃபுக்கர் என்ற வட்டித்தொழில் குடும்பம் கடன் கொடுத்தது. விடுவிப்புச் சீட்டு விற்பனையில் பாதி அந்தக் கடனை அடைக்க, மறுபாதி உரோமையில் கோவில் கட்ட. வாங்கிய மக்களிடம் சொல்லப்பட்டது கோவிலைப் பற்றி மட்டுமே.

இரண்டு பட்டியல்கள் ஒன்றாகும் இடம் இதுதான். பதவி விற்பனையும் பெருங்கோவிலும் ஒரே கணக்குப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் வருகின்றன. 1517 அக்டோபரில் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கூற்றுகளில் இக்கோவில் பெயர் சொல்லியே வருகிறது. பெருஞ்செல்வரான திருத்தந்தை ஏழை நம்பிக்கையாளர் பணத்தை விடுத்துத் தம் பணத்தில் கட்டக்கூடாதா என்று பொதுமக்கள் கேட்பதாக 86 ஆம் கூற்று சொல்கிறது. 50 ஆம் கூற்று, சீட்டு விற்பவர்கள் மக்களை எப்படிப் பிழிகிறார்கள் என்று திருத்தந்தைக்குத் தெரிந்தால், கோவில் எரிந்து சாம்பலாவதையே விரும்புவார் என்கிறது. அப்போது லூதர் திருத்தந்தையை முற்றாக நிராகரிக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் நடக்கிறது என்றே எழுதுகிறார். கேட்டுப் பதில் சொல்ல ஒரு பொதுச்சங்கம் கூடியிருக்கவேண்டிய நேரம் அது. அந்த வாசலைத்தான் 1460 இல் பூட்டியிருந்தார்கள்.

லூதரின் பிரிவுக்குக் கட்டடமே காரணம் என்று சொல்வது மிகை. மீட்பு பற்றிய இறையியல் கேள்வி அவருக்கு முதன்மையானது. ஜெர்மன் அரசர்களின் அரசியலும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒற்றுமையைக் கண்ணுக்குக் காட்டவேண்டும் என்று திட்டமிடப்பட்ட கட்டடம், பிளவு வெடிப்பதற்கு வாய்ப்பாக அமைந்தது என்பதை எந்தக் கலை வரலாறும் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடக்கூடாது.

கட்டடம் என்ற அளவில்

1514 இல் பிரமாந்தே இறந்தபோது நான்கு பெருந்தூண்களும் அவற்றை இணைக்கும் வளைவுகளும் மட்டுமே எழுந்திருந்தன. அந்தத் தூண்களும் மேலே வரவேண்டிய குவிமாடத்தைத் தாங்கப் போதாதவை, பின்வந்தவர்கள் பருமனாக்கினார்கள். பிறகு ரஃபாயேல், சங்காலோ என்று கைமாறியது, திட்டமும் மாறியது. 1530களில் உரோமைக்கு வந்த டச்சு ஓவியர் ஹேம்ஸ்கெர்க்கின் வரைபடங்களில் கூரையற்ற வளைவுகளும், அவற்றினருகில் பழைய கோவிலின் எஞ்சிய பாதியும் நிற்கின்றன. புதிய கோவிலா, இன்னொரு பழைய இடிபாடா என்று சொல்லமுடியாத தோற்றம்.

இக்கட்டடத்தைக் காப்பாற்றியவர் மைக்கலாஞ்சலோ. மூன்றாம் பவுலின் ஆணைப்படி 1546 இன் இறுதியில், எழுபது வயதைக் கடந்தபின் பொறுப்பேற்று, கட்டுமானப் பணிக்கு ஊதியம் வாங்காமல் 1564 இல் இறக்கும்வரை உழைத்தார். சங்காலோவின் திட்டத்தை அவர் நிராகரித்த காரணம் சுவையானது: உள்ளே அத்தனை இருட்டு மூலைகள், மாலையில் கதவடைக்கும்போது ஒளிந்திருப்பவர்களைத் தேடி வெளியேற்ற 25 பேர் வேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். தம்மோடு பகைமை பாராட்டிய பிரமாந்தேயின் முதல் திட்டமே தெளிவானது, ஒளியுள்ளது என்றும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிக் குறைத்து, நடுவே குவிமாடம் ஒன்றே ஆளும்படி செய்தார். குவிமாடம் 1590 இல், ஐந்தாம் சிக்ஸ்துசின் காலத்தில் ஜாக்கோமோ தெல்லா போர்த்தாவால் முடிந்தது. உட்புற விட்டம் ஏறத்தாழ 41.5 மீட்டர். தூரத்து மேட்டிலிருந்து பார்க்கும்போது அது மனித கை செய்த மிகச் சிறந்த வடிவங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

கோவில் முன் வந்து நின்றால் அது மறைந்துவிடும். ஐந்தாம் பவுல் (1605–1621) பழைய கோவிலின் எஞ்சிய பாதியையும் இடித்துவிட்டு, மதெர்னோவைக் கொண்டு நீண்ட கூடத்தையும் அகன்ற முகப்பையும் சேர்த்தார். வழிபாட்டுக்கு மக்கள் நிற்க இடம் வேண்டும், பழைய கோவில் நின்ற புனித மண் முழுவதும் உள்ளே அடங்கவேண்டும் என்ற காரணங்கள் நியாயமானவையே. பிரமாந்தேயின் வட்டத் திட்டத்தில் நம்பிக்கையாளர் கூட்டத்துக்கு என்றுமே சரியான இடம் இருந்ததில்லை. ஆயினும் மைக்கலாஞ்சலோவின் குவிமாடம் முகப்புக்குப் பின்னால் அமிழ்ந்துபோனது. முகப்பில் 1612 என்று ஆண்டிட்டுப் பொறித்த கல்வெட்டு திருத்தூதர் தலைவருக்குக் காணிக்கையாகத்தான் தொடங்குகிறது; நடுவில், வாயிலுக்கு நேர்மேலே வருவது பேதுரு அல்லர், போர்கேசே என்ற திருத்தந்தையின் குடும்பப்பெயர். 1626 நவம்பர் 18 அன்று கோவில் அருட்பொழிவு செய்யப்பட்டபோது, அடிக்கல் நாட்டி 120 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பாவின் வடபகுதி பெரிதும் வேறு சபைகளில் இருந்தது.

பழைய கோவிலிலிருந்து புதியதற்கு வந்த பொருள்களில் ஒன்று நடுவாயிலின் வெண்கலக் கதவுகள். நான்காம் யூஜினுக்காக ஃபிலரேத்தே 1445 இல் முடித்தவை. புதிய வாயிலுக்கு அவை சிறியவையாக இருந்ததால் மேலும் கீழும் தகடு சேர்த்து நீட்டினார்கள். அவற்றின் சிறு புடைப்புச் சித்திரங்களில் கிரேக்கப் பேரரசர் கப்பலில் வந்திறங்குவதும், கிழக்கும் மேற்கும் ஒன்றாக அமர்ந்து பேசிய புளோரன்ஸ் பொதுச்சங்கத்தின் அமர்வும் செதுக்கப்பட்டிருக்கின்றன.